எர்னி டேவிஸ்: ப்ரோ லீக்ல ஒரு மேட்ச்கூட ஆடாதவரை ரசிகர்கள் ஏன் மறக்கல?

அமெரிக்கன் ஃபுட்பால் நம்ம ஊர் கால்பந்து இல்லை. அதில் பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு, எதிரணியின் தடுப்பைத் தாண்டி ஓடுபவர்தான் 'ரன்னிங் பேக்'. சிராகியூஸ் பல்கலைக்கழகத்தின் எர்னி டேவிஸ் அப்படி ஒருவர்.

என்ன சாதித்தார்?

1959-ல் தேசிய சாம்பியனான கல்லூரி அணியில் ஆடினார். 1961-ல், சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பையை வென்றார். அதை வென்ற முதல் கறுப்பின வீரர் இவர்தான்.

அப்புறம் என்ன ஆச்சு?

1962-ல் என்.எஃப்.எல். டிராஃப்டில் முதல் ஆளாகத் தேர்வாகி, கிளீவ்லேண்ட் பிரவுன்ஸ் அணிக்குப் போனார். கனவு வேலைக்கு ஆஃபர் லெட்டர் கையில் இருக்கு, சேர்வதற்குள் உடம்பு கைவிட்டால் எப்படி இருக்கும்? அதுதான் நடந்தது. அதே ஆண்டு கோடையில் ரத்தப் புற்றுநோய் தெரியவந்தது. 1963 மே 18-ல் இறந்தார். வயது 23.

எப்படி நினைவில் வைத்திருக்கிறார்கள்?

அவர் ஒரு போட்டியில்கூட அணிந்து ஆடாத 45-ம் எண் ஜெர்சியை பிரவுன்ஸ் அணி இனி யாருக்கும் இல்லை என்று ஒதுக்கிவிட்டது. கல்லூரியில் அவர் அணிந்தது 44. ஜிம் பிரவுன், ஃப்ளாய்ட் லிட்டில் ஆகியோரும் அணிந்த அந்த எண்ணுக்கு சிராகியூஸ் 2005-ல் ஓய்வு கொடுத்தது. பல்கலைக்கழகத்தின் அஞ்சல் குறியீடு என்ன தெரியுமா? 13244. கடைசி இரண்டு இலக்கத்தைப் பாருங்க.