தொடுகை ஆடல்: ஒரு கலைவடிவத்தின் வரலாறும் அதன் பெயரும்

1. முன்னுரை

கலைச்சொல் ஒன்றை மொழிபெயர்ப்பவர் முதலில் அச்சொல் குறிக்கும் பொருளின் வரையறையைத் தேடுவார். வரையறை தெளிந்தபின் அதற்கு இணையான சொல்லைத் தம் மொழியில் தேர்வார் அல்லது புதிதாக ஆக்குவார். தோற்றுவித்தவர்களே வரையறையை வகுத்து முடிப்பதில்லை எனத் தீர்மானித்துவிட்ட ஒரு கலைவடிவத்தின் பெயரை மொழிபெயர்க்க நேர்ந்தால் இந்நெறி போதாது. 1972இல் அமெரிக்காவில் தோன்றிய காண்டாக்ட் இம்ப்ரொவைசேஷன் என்னும் ஆடல்வகை அத்தகையது.

இவ்வாடலில் இருவர் தம் உடல்களுக்கிடையே ஏற்படும் தொடுபுள்ளியைப் பற்றுக்கோடாகக் கொண்டு இயங்குவர். முன்கூட்டி அமைத்த அடவுகள் இல்லை; இசை கட்டாயமில்லை. ஒருவர் எடையை மற்றவர் ஏற்றல், சாய்தல், உருளுதல், தாங்குதல், விழுதல் ஆகியவையே இதன் இயக்கங்கள். அடுத்த அசைவு யாது என்பதை இருவரில் எவரும் முன்னறியார். பார்க்க வந்தவர் ஆடுவோராக மாறுவதற்கும் இதில் இடம் உண்டு. இவ்வாடல்வகை உருவான வரலாற்றையும், 1975இல் அதன் பெயர் குறித்து எடுக்கப்பட்ட ஒரு முடிவையும், அம்முடிவு தமிழில் கலைச்சொல் ஆக்குவோர்க்கு உணர்த்துவதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

2. பின்புலம்

இதனைத் தொடங்கிவைத்த ஸ்டீவ் பாக்ஸ்டன் (1939–2024) இளமையில் உடற்பயிற்சி விளையாட்டுகளில் ஈடுபட்டவர். 1961 முதல் 1964 வரை மெர்ஸ் கன்னிங்காமின் நடனக் குழுவில் ஆடினார். அக்குழுவின் ஆட்டம் கடும் பயிற்சியும் நுட்பமும் வேண்டுவது. அதே காலத்தில் ராபர்ட் டன் நடத்திய ஆக்கப் பயிற்சி வகுப்பிலிருந்து உருவான இளங்கலைஞர்கள் 1962 ஜூலையில் நியூயார்க்கின் ஜட்சன் நினைவுத் தேவாலயத்தில் தம் முதல் நிகழ்ச்சியை அளித்தனர். ஜட்சன் நடன அரங்கு என வரலாற்றில் பெயர்பெற்ற அக்குழுவில் பாக்ஸ்டனும் ஒருவர். எது நடனம், யார் நடனக் கலைஞர் என்னும் வினாக்களை இக்குழுவினர் எழுப்பினர். பாக்ஸ்டன் 1967இல் அமைத்த ‘சாட்டிஸ்பையின் லவர்’ என்னும் படைப்பில் பயிற்சி பெறாதவர் பலர் மேடையைக் கடந்து நடப்பர், சிலவிடத்து நிற்பர், சிலவிடத்து அமர்வர். படைப்பு முழுவதும் இவ்வளவே. அன்றாட நடையே நடனமாகக் காட்டப்பட்டமையால், பார்வையாளர்க்கும் ஆடுவோர்க்கும் இடையிலான வேறுபாடு இங்கேயே தளரத் தொடங்கியது எனலாம்.

1970 முதல் 1976 வரை இயங்கிய கிராண்ட் யூனியன் என்னும் குழு மற்றொரு படிநிலை. இதன் நிகழ்ச்சிகள் முன்திட்டமின்றி மேடையிலேயே உருவாயின. ஆயினும் அக்குழுவில் இருந்தவர்கள் தேர்ந்த கலைஞர்கள். முன்திட்டமின்மையையும் பயிற்சியற்றோர் பங்கேற்பையும் ஒன்றாக இணைக்கும் வடிவம் அப்போது கைவரப் பெறவில்லை.

3. ஓபர்லின் முதல் நியூயார்க் வரை

1972 ஜனவரியில் கிராண்ட் யூனியன் குழு ஒஹாயோ மாநிலத்து ஓபர்லின் கல்லூரியில் தங்கிப் பயிற்சியளித்தது. பாக்ஸ்டன் ஆண் மாணவர் வகுப்பொன்றை நடத்தினார். அவ்வகுப்பின் பயனாக விளைந்தது ‘மெக்னீசியம்’ என்னும் நிகழ்ச்சி. உடற்பயிற்சிக் கூடத்து விரிப்பின்மேல் மாணவர்களும் பாக்ஸ்டனும் ஒருவர்மேல் ஒருவர் பாய்ந்து, மோதி, பற்றி, வழுக்கி விழுந்தனர். விழும்போது காயமின்றித் தரையைச் சேரும் முறைக்கு அவர் கற்றிருந்த அய்க்கிடோ என்னும் ஜப்பானியத் தற்காப்புக் கலை துணைநின்றது. நிகழ்ச்சியின் இறுதியில் அனைவரும் அசையாது நின்றனர். நிற்கும்போதும் உடல் தன்னைச் சமன்செய்துகொள்ளும் பொருட்டு நுண்ணியதாக அசைந்துகொண்டே இருக்கிறது. இதனைப் பாக்ஸ்டன் ‘சிறிய ஆடல்’ என்றார். இவ்வடிவத்தின் இரு எல்லைகளும், அதாவது பாய்ந்து விழுதலும் நின்று உணர்தலும், முதல் நிகழ்ச்சியிலேயே இடம்பெற்றமை கருதத்தக்கது.

பார்வையாளருள் இருந்த நான்சி ஸ்டார்க் ஸ்மித் (1952–2020) என்னும் மாணவி, மகளிருடன் இதனைச் செய்வதாயின் தம்மையும் சேர்த்துக்கொள்ளுமாறு பாக்ஸ்டனிடம் கேட்டார். பிற்காலத்தில் இவ்வாடலின் தலையாய பயிற்றுநராகவும் இதழாசிரியராகவும் விளங்கியவர் முதலில் ஒரு பார்வையாளரே என்பது குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டு ஜூனில் நியூயார்க்கின் ஜான் வெபர் கலைக்கூடத்தில் இவ்வாடல் காண்டாக்ட் இம்ப்ரொவைசேஷன்ஸ் என்னும் பெயரில் முதன்முதலாகப் பொதுமக்கள் முன் வைக்கப்பட்டது. பெயர் அப்போது பன்மையில் இருந்தது. ஒரு வடிவத்தின் பெயராக அன்றி, நிகழும் பல ஆடல்களின் பெயராகவே அது வழங்கியது. ஆணும் பெண்ணும் கலந்த இணைகள் ஒரு பெரிய விரிப்பின்மேல் ஆடின. பார்ப்பவர் விரும்பியபோது வந்து விரும்பியபோது சென்றனர். ஒத்திகை, நிகழ்ச்சி என்னும் பாகுபாடு அங்கு மங்கியது.

மற்போர், ஜிட்டர்பக் என்னும் சமூக ஆட்டம், தற்காப்புக் கலை போன்ற இருவர் செயல்களின் வரிசையில் பாக்ஸ்டன் இவ்வாடலை வைத்தார். ஆயினும் மேனாட்டு இணையாட்டங்களில் நெடுங்காலம் நிலவிய ஒரு மரபு இங்குக் கைவிடப்பட்டது. அங்கு ஆண் நடத்துவான், பெண் தொடர்வாள். இங்கு நடத்துதலும் தொடர்தலும் ஒரே ஆடலுள் இடையறாது கைமாறுகின்றன. எடை எப்பக்கம் சாய்கிறதோ அதனைப் பொறுத்து அவை அமைகின்றன. சிறிய உடலினரும் பெரிய உடலினரைத் தாங்க இயலும். தாங்குதல் தசைவலியால் அன்றி, எலும்புச் சட்டகத்தின் வழியே எடை தரைக்கு இறங்குவதால் நிகழ்கிறது.

4. பார்வையாளர் ஆடுவோராதல்

1973இல் பாக்ஸ்டனும் சிலரும் அமெரிக்காவின் மேற்குக் கரையில் மேற்கொண்ட பயணத்திற்கு, ‘நீங்கள் வாருங்கள், நாங்கள் செய்வதைக் காட்டுகிறோம்’ எனப் பொருள்படும் தலைப்பு இடப்பட்டது. அழைப்பு உரையாடும் நடையில் அமைந்துள்ளது. கலை, நடனம் என்னும் சொற்கள் இதில் இல்லை. தனி ஒளியமைப்பு, ஆடையலங்காரம் இன்றி, பார்வையாளர் விரிப்பைச் சுற்றி அமர்ந்திருக்க ஆடல் நிகழ்ந்தது.

நிகழ்ச்சிகளில் பெரிதும் கையாளப்பட்ட அமைப்பு வட்டமுறை ஆகும். ஆடுவோர் வட்டமாக அமர்வர்; நடுவே ஓர் இணை ஆடும்; வட்டத்திலிருந்து ஒருவர் எழுந்து உட்புக, ஆடிக்கொண்டிருந்தவருள் ஒருவர் விலகுவார். ஆடுபவர் மறுகணம் பார்ப்பவராவதும் பார்ப்பவர் ஆடுபவராவதும் இவ்வமைப்பின் இயல்பு. இதன் அடுத்த வளர்ச்சியே ‘ஜாம்’ எனப்படும் கூட்டம். ஜாஸ் இசைவாணர் முன்திட்டமின்றிக் கூடி இசைப்பதைக் குறித்த சொல் இது. ஜாமில் மேடை இல்லை. தேர்ந்தவரும் புதியவரும் ஒரே தளத்தில் ஆடுவர். களைத்தவர் ஓரத்தில் அமர்ந்து காண்பர். 1987இல் ஓரிகன் மாநிலத்து யூஜினில் அலிட்டோ அலெஸ்ஸியும் கேரன் நெல்சனும் உடற்குறை உடையோரும் இல்லாதோரும் சேர்ந்து ஆடும் டான்ஸ்எபிலிட்டி என்னும் பயிற்சியைத் தொடங்கினர். அடவுகளின் பட்டியல் இல்லாத வடிவம் என்பதால், சக்கர நாற்காலியில் இருப்பவர் ஆடுவதற்கு அதன் இலக்கணத்தைத் திருத்த வேண்டியிருக்கவில்லை.

5. 1975ஆம் ஆண்டு முடிவு

இவ்வாடல் விரைந்து பரவியதனால் ஒரு சிக்கல் எழுந்தது. ஓரிரு பயிற்சிகளில் பங்கேற்றவர்களும் ஒருமுறை கண்டவர்களும் பிறர்க்குக் கற்பிக்கத் தொடங்கினர். போதிய முன்பயிற்சியின்றி ஆடியதால் காயங்கள் ஏற்பட்டதாகச் செய்திகள் வந்தன. விழும் முறை அறியாதவர் தோளிலிருந்து விழுவது இடர் மிக்கது. 1975இல் பாக்ஸ்டன், ஸ்டார்க் ஸ்மித் முதலியோர் இப்பெயருக்குச் சட்டப் பாதுகாப்புப் பெற்று, தகுதி பெற்றவரே இப்பெயரில் கற்பிக்கலாம் எனக் கட்டுப்படுத்துவது பற்றி ஆராய்ந்தனர். அதற்குரிய தாள்களும் ஆயத்தமாயின. ஆயினும் அவர்கள் அவ்வழியைக் கைவிட்டனர். யார் தகுதியுடையவர் எனத் தீர்ப்புரைக்கும் காவலராகத் தாங்கள் மாறுவதை அவர்கள் விரும்பவில்லை.

அதற்கு மாற்றாக அவர்கள் தொடங்கியது ஒரு செய்தி மடல். ஆடுவோர் தம் பட்டறிவையும் ஐயங்களையும் காயங்களையும் கற்பிக்கும் முறைகளையும் அதில் எழுதி ஒருவர்க்கொருவர் அறிவித்துக்கொண்டனர். இம்மடலே அடுத்த ஆண்டு காண்டாக்ட் குவார்ட்டர்லி என்னும் இதழாக வளர்ந்தது. ஸ்டார்க் ஸ்மித்தும், பின்னர் அவருடன் இணைந்த லிசா நெல்சனும் அதனைப் பல்லாண்டுகள் நடத்தினர். 2020 வரை அது அச்சில் வெளிவந்தது.

மொழியியலார்க்கு இம்முடிவு பழகிய ஒன்றை நினைவூட்டும். மொழி ஒன்றின் தூய்மையைக் காக்க விதிநூல் வகுத்து ஆணையிடுவது ஒரு நெறி. வழக்கைப் பதிவுசெய்து, அப்பதிவைப் பேசுவோர்க்கே திருப்பியளிப்பது மற்றொரு நெறி. இவ்வாடலார் இரண்டாவதைத் தேர்ந்தனர். ஐம்பது ஆண்டுகளில் பல நாடுகளில் இவ்வடிவம் பரவியும் ஒரே பெயரால் அறியப்படுவதற்கு அம்முடிவு ஒரு முதன்மைக் காரணம் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

இந்நெறிக்கு உரிய இழப்புகளையும் கூறுதல் வேண்டும். உரிமையாளர் இல்லாதபோது தவற்றுக்குப் பொறுப்பேற்பவரும் இல்லை. முன்பின் அறியாதோர் உடலால் நெருங்கும் ஆடலில் எது ஒப்புதலுடைய தொடுகை, எது அன்று என்பது நெடுங்காலம் எழுதப்படாத வழக்காகவே விடப்பட்டது. அண்மைக்காலத்தில் பல ஜாம் கூட்டங்கள் இதற்கெனத் தம் ஒழுங்குமுறைகளை எழுத்தில் வடித்துள்ளன. மேலும், 1990இல் சிந்தியா நோவாக் வெளியிட்ட ‘ஷேரிங் த டான்ஸ்’ என்னும் ஆய்வுநூல் இவ்வாடலை அக்கால அமெரிக்கப் பண்பாட்டின் விளைவாகக் காண்கிறது. அனைவர்க்கும் பொது என்று சொல்லப்படும் வடிவமும் ஒரு சமூகச் சூழலில் பிறந்ததே என்பதை அந்நூலால் உணரலாம்.

6. பெயரும் தமிழும்

இவ்வரலாற்றின் ஒளியில் பெயரின் மொழிபெயர்ப்பை நோக்கலாம். முதற்சொல்லான காண்டாக்ட் என்பதற்குத் தொடர்பு, தொடுகை என இரு சொற்கள் உள. மொழியியலில் மொழித்தொடர்பு என்னும் ஆட்சி நிலைபெற்றுவிட்டது. ஆயினும் இன்றைய வழக்கில் தொடர்பு என்பது பெரிதும் செய்தித் தொடர்பையும் உறவையும் குறிப்பதால், ஆடலின் உடற்பொருள் அதில் மறைந்துவிடுகிறது. தொடுகை அப்பொருளை நேரே தருவதால் ஏற்றதாகிறது.

இரண்டாம் சொல்லே சிக்கல் மிக்கது. ஒலியொப்புமையால் மயங்கி ‘மேம்படுத்தல்’ எனப் பெயர்ப்பது பிழை. முன்காணாதது என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லே இதன் மூலம். மேம்பாட்டுடன் அதற்கு உறவில்லை. கருநாடக இசையின் ‘மனோதர்மம்’ பலர்க்கும் முதலில் தோன்றும் சொல். அது இராகம், தாளம் ஆகிய வரையறைகளுக்குள், தேர்ந்த ஒருவரின் கற்பனையில் பிறப்பது. சொல்லும் மனத்தை முன்னிறுத்துகிறது. பாக்ஸ்டன் ஆராய்ந்ததோ மனம் திட்டமிடுமுன் உடல் தானே செய்யும் எதிர்வினைகளை. ‘ஆசுகவி’யை ஒட்டி ‘ஆசு ஆடல்’ எனலாமாயினும், அது தனிப்புலவரின் விரைவாற்றலைக் குறிக்கும் மரபினது. இருவர் சேர்ந்து ஆக்குவது என்னும் பொருள் அதில் இல்லை. ‘குரவை’ கூட்டாக ஆடுவது எனினும், கைகோத்தாடும் வேறொரு மரபின் பெயர். அதனை இங்கு வழங்குவது இரண்டையும் மறைக்கும்.

தமிழில் ‘ஆடல்’ என்னும் சொல் நடனத்தை மட்டும் குறிப்பதன்று. விளையாடல், நீராடல், ஊசலாடல், சொல்லாடல், உரையாடல் ஆகிய கூட்டுகளில் அது இடையறாத இயக்கத்தையும் கொடுக்கல் வாங்கலையும் உணர்த்துகிறது. உரையாடுவோர் மற்றவர் அடுத்துக் கூறுவதை அறியாமலேயே உரையாடுகின்றனர், கேட்பவர் பேசுபவராகின்றார். முன்னறியாமை, முறைமாற்றம் என இவ்வாடலுக்கு இன்றியமையாத இரு கூறுகளும் அச்சொல்லில் ஏற்கெனவே உள்ளன. ‘நடனம்’ என்னும் சொல் வகுத்த இலக்கணத்தையும் மேடையையும் நினைவூட்டுவதால் அந்நெகிழ்ச்சியைத் தருவதில்லை. ஆகவே ‘தொடுகை ஆடல்’ என்பது பொருந்தும். முன்திட்டமின்மையை விளங்கச் சொல்லவேண்டிய இடத்தில் ‘முன்னமையாத் தொடுகை ஆடல்’ என விரிக்கலாம்.

வடிவத்தின் உட்கலைச்சொற்களிலும் எச்சரிக்கை வேண்டும். ஸ்டார்க் ஸ்மித் 1990 முதல் உருவாக்கிய அண்டர்ஸ்கோர் என்னும் பயிற்சிமுறையில் ‘ஸ்கினஸ்பியர்’ என ஒரு சொல் உள்ளது. உடலைச் சூழ்ந்த வெளியைக் குறிக்க லாபான் வழங்கிய ‘கினஸ்பியர்’ என்னும் சொல்லுடன், தோல் என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லை இணைத்து, தோலுக்கு உட்பட்ட வெளியைக் குறிக்க ஆக்கப்பட்டது அது. இச்சிலேடையைத் தமிழில் பெயர்க்க இயலாது. ‘உடல் அகவெளி’, ‘உடல் புறவெளி’ என இணையாக ஆக்கினால் பொருளேனும் காக்கப்படும். பயிற்சியின் இறுதியில் ஆடியவர் கூடிப் பகிரும் பகுதிக்கு ‘அறுவடை’ எனப் பொருள்படும் சொல்லை அவர் ஆண்டார். அது தமிழில் அப்படியே பொருந்துகிறது.

7. முடிவுரை

மெக்னீசியம் நிகழ்ச்சியைக் கண்ட மாணவி அதில் தமக்கும் இடம் கேட்டதும், மேற்குக் கரைப் பயணத்தின் அழைப்பும், சட்டத் தாள்களை விடுத்து மடல் தொடங்கியதும் ஒரே போக்கின் கூறுகள். ஒவ்வொரு கட்டத்திலும் வடிவம் அதனைப் பயில்வோர் கையில் விடப்பட்டது. கலைச்சொல் தொகுதி ஆக்குவோரும் இதே தேர்வை எதிர்கொள்கின்றனர். சொல்லை அச்சிட்டு முடிவென அறிவிப்பது எளிது. தமிழில் இவ்வாடலைப் பயில்வோரும் எழுதுவோரும் பெருகும்போது அவர்கள் வாயில் வழங்கும் சொல் வேறாக இருக்கக்கூடும். அவ்வாறாயின் தொகுதி திருத்தப்படவேண்டும். இங்கு முன்மொழிந்த பெயரும் அத்திருத்தத்திற்கு உட்பட்டதே.