கியர் மாற்றும் கை - ஒரு குட்டி வரலாறு

ஆறு மாசத்துக்கு முன்னால், ஊரை விட்டுப் போகும் சீனியர் ஒருவரிடம் இருந்து ஒரு பழைய ரேஸ் சைக்கிள் வாங்கினேன். 1980-களின் நடுவில் ஜப்பானில் செய்தது. இரும்புச் சட்டம், வளைந்த கொம்பு மாதிரி ஹேண்டில்பார், பின்னால் 6 பல்சக்கரம், முன்னால் 2. பார்த்தவுடன் காதல். குரங்குப் பெடல் போட்டு சைக்கிள் பழகின பயலுக்கு கியர் வைத்த வண்டி என்றாலே ஒரு மயக்கம் இருக்கத்தானே செய்யும்?

மயக்கம் முதல் மேட்டில் தெளிந்தது. இந்த வண்டியில் கியர் மாற்றும் லீவர்கள் ஹேண்டில்பாரில் இல்லை. ஹேண்டிலுக்கும் பெடலுக்கும் நடுவில் சாய்வாக இறங்கும் குழாய் இருக்கிறதே (டவுன் டியூப் என்பார்கள்), அதன் இரண்டு பக்கமும் காது மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும். கியர் மாற்ற ஒரு கையை எடுத்து, குனிந்து, முழங்கால் பக்கம் துழாவ வேண்டும். அப்படித் துழாவிக்கொண்டிருந்த நேரத்தில் பக்கத்தில் ஒரு பஸ் உரசிக்கொண்டு போனது. வண்டி ஆடியது, நானும் ஆடினேன். கீழே விழவில்லை, ஆனால் ரூமுக்கு வந்து ரொம்ப நேரம் கை நடுங்கியது.

கடையில் கேட்டேன். பிரேக் லீவரிலேயே கியர் இருக்கிற மாதிரி மாற்றிவிடலாம் என்றார்கள். விலை சொன்னார்கள். வண்டி வாங்கினதே அதில் பாதிதான். சரி, இதை எந்தப் புண்ணியவான் குழாயில் கொண்டுபோய் வைத்தான், ஏன் வைத்தான் என்று தேட ஆரம்பித்தேன். செமஸ்டர் பரிட்சைக்கு இவ்வளவு படித்திருந்தால் எங்கேயோ போயிருப்பேன் :-)

கதை பிரான்ஸில் ஆரம்பிக்கிறது. சேன்ட் எத்தியென் நகரத்தில் பால் தெ விவி என்றொரு மனிதர். வெலோசியோ என்ற புனைபெயரில் சைக்கிள் பத்திரிகை நடத்தினார். மலைப்பாதையில் சைக்கிள் ஓட்டுகிறவனுக்கு ஒரே கியர் போதாது என்று வாழ்நாள் முழுக்க எழுதிக்கொண்டே இருந்தார். எதிர்ப்பக்கம் ஆன்றி டெக்ரான்ஜ். 1903-ல் டூர் டி பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கியவர். கியர் எல்லாம் 45 வயது தாண்டியவர்களுக்கும் பலவீனர்களுக்கும் வேண்டுமானால் வைத்துக்கொள்ளலாம், தசை பலத்தால் ஜெயிப்பவன்தான் வீரன் என்பது அவர் கட்சி. 1902-ல் ஒரு சோதனை ஓட்டம் நடந்தது. அதில் மூன்று கியர் வண்டியில் வந்த மார்த் எஸ் என்ற பெண், ஒரே கியர் வண்டியில் வந்த ஃபிஷர் என்ற பந்தய வீரரைத் தோற்கடித்தார். இதைப் பார்த்த பிறகும் டெக்ரான்ஜ் மசியவில்லை.

விளைவு? 1936 வரை டூர் டி பிரான்ஸில் செயினைத் தள்ளி மாற்றும் டீரெய்லர் கருவிக்கு வழக்கமான வீரர்களுக்கு அனுமதி கிடையாது. பின் சக்கரத்தின் இரண்டு பக்கமும் வேறு வேறு அளவில் பல்சக்கரம் இருக்கும். மலையடிவாரம் வந்ததும் வண்டியை நிறுத்தி, இறங்கி, இறக்கை நட்டைத் திருகிக் கழற்றி, சக்கரத்தைத் திருப்பிப் போட்டு, மறுபடி முறுக்கி ஏற வேண்டும். உச்சியில் மறுபடியும் அதே கூத்து. டெக்ரான்ஜ் 1936-ல் உடல்நலம் கெட்டு ஒதுங்கினார். பொறுப்பு ஜாக் கோடே கைக்கு வந்தது. 1937-ல் டீரெய்லருக்கு அனுமதி. ஒரு மனிதரின் பிடிவாதத்துக்காக ஒரு தலைமுறை வீரர்கள் நடு மலையில் நட்டு திருகிக்கொண்டிருந்தார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

இத்தாலிக்காரர்களைப் பற்றிச் சொல்லாவிட்டால் பாவம். துல்லியோ கம்பன்யோலோ என்ற வீரர், 1927 நவம்பரில் பனி கொட்டும் ஒரு மலையில், விரல் மரத்துப்போய் இறக்கை நட்டைத் திருக முடியாமல் பந்தயத்தைக் கோட்டைவிட்டாராம். அந்தக் கடுப்பில்தான் ஒரே லீவரில் சக்கரத்தைக் கழற்றும் குயிக் ரிலீஸைக் கண்டுபிடித்தார் என்று கம்பெனியின் புராணம் சொல்கிறது. வரலாற்று ஆட்கள் இந்தக் கதையை அப்படியே நம்புவதில்லை. ஆனால் 1933-ல் விசென்சாவில் அவர் கம்பெனி தொடங்கியது புராணம் அல்ல, நிஜம்.

அவருடைய முதல் பிரபலமான கியர் அமைப்பான 'காம்பியோ கோர்சா'வைப் படத்தில் பார்த்தபோது சிரிப்பதா பயப்படுவதா என்று தெரியவில்லை. சீட்டுக்குக் கீழே, பின் சக்கரத்துக்கு இறங்கும் குழாயில் இரண்டு நீளக் கம்பிகள். ஓடிக்கொண்டிருக்கும்போதே பின்னால் கையை விட்டு, ஒரு கம்பியால் பின் சக்கரத்தின் பிடியைத் தளர்த்த வேண்டும். பெடலைப் பின்னோக்கி மிதித்துக்கொண்டே இன்னொரு கம்பியால் செயினைத் தள்ள வேண்டும். அப்புறம் சக்கரத்தை மறுபடி இறுக்க வேண்டும். அத்தனையும் ஓடுகிற வண்டியில், சக்கரம் லூஸாக இருக்கும்போது! இதை வைத்துக்கொண்டுதான் ஜீனோ பர்தாலி 1948-ல் டூர் டி பிரான்ஸ் ஜெயித்தார். என் டவுன் டியூப் லீவரைப் பற்றிப் புலம்ப எனக்கு வெட்கமாகிவிட்டது.

அதற்கு முன்பே பிரான்ஸில் சிம்ப்ளெக்ஸ் போன்ற கம்பெனிகள் கேபிள் வைத்து இழுக்கும் டீரெய்லர்களைச் செய்துகொண்டிருந்தன. கம்பன்யோலோவும் 1950 வாக்கில் 'கிரான் ஸ்போர்ட்' என்ற மாடலோடு அந்த வழிக்கு வந்தது. ஒரு இணைகரம் சாய்ந்து சாய்ந்து செயினை நகர்த்தும், இழுப்பது கேபிள். இன்று வரை எல்லா டீரெய்லருக்கும் அடிப்படை வடிவம் இதுதான். லீவரின் இடம் டவுன் டியூப்.

ஏன் அங்கே? காரணம் முட்டாள்தனம் இல்லை. அங்கே வைத்தால் கேபிள் ரொம்பக் குறைவு. பெரும்பகுதிக்கு மேலே உறையே தேவையில்லை, வளைவும் கம்மி. வளைவு கம்மியானால் உராய்வு கம்மி, கேபிள் நீள்வதும் கம்மி. லீவரை எவ்வளவு நகர்த்துகிறோமோ அவ்வளவும் டீரெய்லருக்குப் போய்ச்சேரும். எடையும் குறைவு. 1950-களில் இருந்து 1980-களின் கடைசி வரை பந்தயச் சாலைகளில் பெரும்பாலும் இந்த இடம்தான். கூட்டமாக ஓடும்போது ஒருவன் கை கீழே போனால், இவன் கியர் மாற்றப் போகிறான், தாவப் போகிறான் என்று பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரிந்துவிடும். எழுந்து நின்று மிதிக்கும்போது கியர் மாற்றவே முடியாது, உட்கார்ந்தாக வேண்டும். ஆக அந்தக் காலப் பந்தயத்தின் தந்திரத்தில் பாதி இந்த லீவரின் இடத்தில் இருந்தது.

இந்த லீவர்களில் 'க்ளிக்' கிடையாது. வெறும் உராய்வுதான். எவ்வளவு தள்ளினால் அடுத்த சக்கரம் என்பதைக் காதும் விரலும்தான் சொல்ல வேண்டும். கூடப் போனால் கரகரவென்று சத்தம், கொஞ்சம் பின்னால் இழுத்துச் சரிசெய்ய வேண்டும். கிட்டத்தட்ட வீணைக்குச் சுருதி சேர்ப்பது மாதிரி.

இப்போது ஜப்பான். ஒசாகாவுக்குத் தெற்கே சகாய் என்ற ஊர். கத்திக்கும் பின்னாளில் துப்பாக்கிக்கும் பேர்போன கொல்லர் ஊர். சைக்கிள் வந்தபோது அந்தக் கொல்லர்களின் கைத்திறன் அப்படியே சைக்கிள் பாகங்களுக்குத் திரும்பியது. ஷிமானோ 1921-ல் அங்கேதான் பிறந்தது, முதல் சரக்கு ஃப்ரீவீல். அதே ஒசாகா வட்டாரத்தில் மாயேதா இரும்பாலை, அது 1912-லிருந்தே இருந்தது. அதன் பிராண்டுக்குப் பெயர் சன்டூர்.

என் வண்டியின் பின் டீரெய்லரில் அழுக்கைத் துடைத்தபோது தெரிந்த பெயரும் அதுதான். சன்டூர்.

1964-ல் சன்டூர் ஒரு காரியம் செய்தது. இணைகரத்தைச் சாய்வாக வைத்தது. பல்சக்கரங்கள் சின்னதிலிருந்து பெரிதாகப் போகும்போது, டீரெய்லரின் குட்டிச் சக்கரமும் அதே சரிவில் கீழே இறங்கும். இடைவெளி எப்போதும் ஒரே அளவு, அதனால் கியர் சுத்தமாக விழும். இவ்வளவுதான் யோசனை, ஆனால் இதற்குக் காப்புரிமை சன்டூரிடம். சுமார் இருபது வருஷம் மற்ற கம்பெனிகள் கையைப் பிசைந்துகொண்டிருந்தன. விலை குறைந்த சன்டூர் கியர், அதைவிடப் பல மடங்கு விலையான இத்தாலிய கியரை விட நன்றாக மாறியது என்று அந்த நாளில் ஓட்டியவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

1984-ல் அந்தக் காப்புரிமை காலாவதியானது. அதே காலகட்டத்தில் ஷிமானோ தன் உயர்ரக 'டியூரா-ஏஸ்' வரிசையில் எஸ்.ஐ.எஸ். என்ற க்ளிக் வைத்த லீவரைக் கொண்டுவந்தது. ஒரு க்ளிக், ஒரு கியர். க்ளிக் யோசனை அதற்கு முன்பே பலருக்குத் தோன்றியதுதான். ஷிமானோவே 1970-களில் ஒன்று செய்து பார்த்தது. ஆனால் இந்த முறை அவர்கள் லீவரை மட்டும் செய்யவில்லை. கேபிள், உறை, டீரெய்லர், பல்சக்கர இடைவெளி, செயின் எல்லாவற்றையும் ஒன்றுக்கொன்று பொருந்துகிற மாதிரி ஒரே குடும்பமாகச் செய்தார்கள். சன்டூரின் சாய்ந்த இணைகரமும் அதில் உள்ளே! குட்டிச் சக்கரத்துக்குப் பக்கவாட்டில் கொஞ்சம் ஆட்டம் விட்டு, தானாகவே நேராகிக்கொள்ளும்படி வைத்தார்கள். பழைய ஆட்கள் நம்ப மாட்டார்கள் என்று தெரிந்து, க்ளிக்கை அணைத்துப் பழைய உராய்வு முறைக்குப் போக ஒரு வழியும் லீவரிலேயே வைத்தார்கள். எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இது. புதுசு கெட்டுப்போனால் பழசு காப்பாற்றும்.

மற்றவர்கள் அவசர அவசரமாகப் பின்னால் ஓடினார்கள். கம்பன்யோலோவின் 'சின்க்ரோ' சொதப்பியது. சன்டூரின் 'அக்யூஷிஃப்ட்' வந்தது, ஆனால் தாமதம். 1985-க்குப் பிறகு யென் மதிப்பு ஏறியதில் ஜப்பானிய ஏற்றுமதிக்கே அடி. சன்டூர் கைமாறி, 1990-களின் நடுவில் ஜப்பானில் கதை முடிந்தது. பெயர் மட்டும் எஸ்.ஆர். சன்டூர் என்று ஒரு தைவான் கம்பெனியின் ஃபோர்க்குகள் மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. யோசனை கொடுத்தவன் ஒருவன், அறுவடை செய்தவன் இன்னொருவன், இரண்டு பேரும் ஒரே வட்டாரக்காரர்கள்.

1988-ல் ஆண்டி ஹாம்ப்ஸ்டன் என்ற அமெரிக்கர் ஷிமானோ பாகங்களோடு இத்தாலியின் ஜீரோ பந்தயத்தை ஜெயித்தார். 1990-ல் ஷிமானோ அடுத்த அடியை வைத்தது. கியரைப் பிரேக் லீவருக்குள்ளேயே நுழைத்துவிட்டது. 1992-ல் கம்பன்யோலோவும் தன் பாணியில், கட்டைவிரலுக்கு ஒரு பொத்தானோடு அதையே செய்தது. இனி ஹேண்டிலிலிருந்து கையை எடுக்க வேண்டாம், நின்றுகொண்டே கியர் மாற்றலாம், எவனுக்கும் முன்கூட்டியே தெரியாது. சில வருஷங்களில் டவுன் டியூப் காதுகள் பந்தயத்திலிருந்து மறைந்தன. முழுசாக என்று சொல்ல முடியாது. 1990-களின் கடைசியில் கூட பந்தானி, ஆம்ஸ்ட்ராங் போன்றவர்கள் மலை நாட்களில் சில கிராம் மிச்சம் பிடிக்க, இடது பக்கம் மட்டும் பழைய லீவரை வைத்திருந்தார்கள். 2009-ல் ஷிமானோவின் மின்சார கியர். 2021-ல் வந்த டியூரா-ஏஸில் கேபிளே கிடையாது, மின்சாரம் மட்டும்தான். இந்தப் பகுதி எனக்கு அவ்வளவாகச் சுவைக்கவில்லை, ஓடிவிடுகிறேன்.

சரி, என் வண்டிக்கு வருவோம். கடைக்காரர் சொன்னது ஏன் அவ்வளவு விலை என்று இப்போதுதான் புரிந்தது. என் பின் சட்டத்தின் அகலம் 126 மில்லிமீட்டர், 8 கியருக்கு மேல் போகும் சக்கரங்களுக்கு 130 வேண்டும். இரும்பு என்பதால் சட்டத்தை விரிக்கலாம், ஆனால் விரித்துப் புது சக்கரம், புது பல்சக்கரம், புது டீரெய்லர், புது செயின் என்று குடும்பம் மொத்தத்தையும் கூப்பிட வேண்டும். ஷிமானோ லீவரின் க்ளிக் சன்டூர் டீரெய்லரோடு ஒத்துப்போகாது, கேபிளை இழுக்கும் அளவு வேறு. ஆக அந்த மாற்றத்தில் முதலில் குப்பைக்குப் போவது என் சன்டூர்தான். சாய்ந்த இணைகரத்தின் கதையைப் படித்த பிறகு அதற்கு மனசு வரவில்லை.

கடைசியில் நடுவழி ஒன்று கிடைத்தது. ஹேண்டில்பாரின் இரண்டு முனைகளிலும் செருகுகிற லீவர்கள். 1970-களில் சன்டூரே இதைச் செய்திருக்கிறது, உள்ளே நுணுக்கமான பற்களோடு, க்ளிக் இல்லாமல். பழைய சாமான் விற்கும் ஒருவரிடம் ஒரு ஜோடி வாங்கினேன், இரண்டு சினிமா டிக்கெட் விலை கூட இல்லை. ஹேண்டில் டேப்பைப் பிரித்து, லீவரை முனையில் செருகி இறுக்கி, கேபிள் உறையை ஹேண்டிலோடு ஒட்டி ஓடவிட்டு, மேலே புது டேப் சுற்றினேன். டவுன் டியூபில் பழைய காதுகள் இருந்த இடத்தில், உறையை நிறுத்தும் தாங்கிகள் இரண்டு. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது, டேப்பை மூன்று தடவை பிரித்துச் சுற்றினேன்.

கேபிள் இப்போது நீளம், வளைவும் அதிகம், அதனால் லீவர் முன்னை விடக் கொஞ்சம் கனமாக நகர்கிறது. கம்பன்யோலோ காலத்து ஆட்கள் சொன்னது சரிதான். ஆனால் அதே மேட்டில், அதே பஸ் பக்கத்தில் வந்தபோது, இரண்டு கையும் ஹேண்டிலில் இருந்தது. சுண்டு விரலால் லீவரைக் கீழே தள்ளினேன். கரகரவென்று ஒரு சத்தம், கொஞ்சம் பின்னால் இழுத்தேன், கியர் விழுந்தது.

கழற்றிய இரண்டு காதுகளும் மேஜை டிராயரில் இருக்கின்றன. யாருக்காவது வேண்டுமென்றால் சொல்லுங்கள், சும்மாவே தருகிறேன்.