பென்சில் முனையும் விரல் நுனியும்

ஃபோட்டோஷாப் கருவிப்பட்டையில் டாட்ஜுக்கு அடையாளம், குச்சி முனையில் ஒரு வட்டு. பர்னுக்கு, குவித்துப் பிடித்த கை. இரண்டும் ஸ்டுடியோக்காரர்களான எங்கள் இருட்டறையிலிருந்து போனவை. முகம் கறுத்துவிடாமல் இருக்க என்லார்ஜர் வெளிச்சத்தைக் கம்பியில் ஒட்டிய அட்டையால் மறைப்போம். வெளுத்துப்போகும் வேட்டிக்குக் கையிடுக்கு வழியே கூடுதல் வெளிச்சம் விடுவோம். ஸ்மட்ஜ் கருவிக்கு அடையாளமான விரல் மட்டும் எங்களுடையதல்ல. அது கரித்துண்டிலும் பேஸ்டலிலும் வரைகிற ஓவியர்களின் விரல். ஸ்டுடியோவில் நெகட்டிவ் மேல் விரல் பட்டுவிட்டால் எங்கள் மாஸ்டர் முகம் கொடுத்துப் பேசமாட்டார்.

முகத்தைத் திருத்த எங்களிடம் இருந்தது பென்சில். ‘டச்சிங்’ என்போம். சாய்மேசையின் நடுவே பால்கண்ணாடி. அடியில், சன்னல் வெளிச்சத்தை மேலே திருப்பிவிடும் முகம்பார்க்கும் கண்ணாடி. நெகட்டிவின் மருந்துப் பக்கத்தில், டர்பன்டைனில் கரைத்த பிசினைப் பஞ்சால் லேசாகத் தடவினால்தான் பென்சில் பிடிக்கும். முனையை உப்புத்தாளில் தேய்த்துத் தேய்த்து ஊசியாக்கவேண்டும். பிரிண்டில் கறுப்பாக விழும் சுருக்கம் நெகட்டிவில் வெளிறிய கோடாக இருக்கும். கமா மாதிரி பொடிக்கோடுகளால் அதை நிரப்ப, பிரிண்டில் சுருக்கம் தணியும். மாஸ்டர் முழுக்க நிரப்பமாட்டார். “பேரப்புள்ளைக்குப் பாட்டிய அடையாளம் தெரியணும்டா” என்பார்.

1855 பாரிஸ் கண்காட்சியில் மியூனிக்கின் புகைப்படக்காரர் ஹான்ஃப்ஸ்டெங்கல் டச்சிங் செய்த நெகட்டிவைக் காட்டியதாகப் புகைப்பட வரலாறுகள் சொல்கின்றன. ஏறத்தாழ அதே வேலையைத்தான் நாங்களும் செய்துகொண்டிருந்தோம்.

தாமஸ் நோல், ஜான் நோல் சகோதரர்கள் உருவாக்கிய ஃபோட்டோஷாப் 1990இல் வெளிவந்தது. எங்கள் பென்சில், இருக்கிற தோலின் மேல் கரியைச் சேர்த்தது. ஃபோட்டோஷாப்பின் ஸ்மட்ஜ் எதையும் சேர்ப்பதில்லை. பிரஷ் தொட்ட இடத்து நிறத்தை அள்ளி, அடுத்த புள்ளிகளோடு குழைத்து இழுத்துப்போகிறது. எவ்வளவு தூரம் இழுக்கும் என்பது ஸ்ட்ரெங்த் அளவைப் பொறுத்தது. அந்த இழுப்பில் தோலின் துளைகளும் ஃபிலிமின் கிரெயினும் கரைந்துவிடுகின்றன. கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ்களில் எழுபது வயதுக்காரரின் கன்னம் மெழுகாகப் பளபளப்பது இதனால்தான். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வலிக்கிறது. பல வீடுகளில் இறந்தவரின் முகமாக மிஞ்சுவது அந்த ஒரு படம்தான்.

ஸ்மட்ஜை நான் வெறுக்கவில்லை. அடையாள அட்டையிலிருந்து பெரிதாக்கிய படத்தில் கட்டங்கட்டமாக உடைந்த தலைமுடியை, சின்ன பிரஷ்ஷில் இழையிழையாக இழுத்து மீட்க அதைப்போல வேறொன்றில்லை. தழும்புக்கும் கறைக்கும் 2002இல் வந்த ஹீலிங் பிரஷ் போதும். அது பக்கத்துத் தோலின் சொரசொரப்பையும் சேர்த்தே கொண்டுவருகிறது. கன்னத்தில் ஸ்மட்ஜ் வைத்தே ஆகவேண்டுமென்றால் தனி லேயரில் வை, பிறகு லேயரின் ஒப்பாசிட்டியைப் பாதியாகக் குறை என்று என்னிடம் வேலை பழகுகிறவர்களிடம் சொல்கிறேன்.