பதிலியும் புதுப்பித்தலும்: ஒரு சிறு வரலாறு

'ப்ராக்ஸி' என்றால் நம் கல்லூரி மாணவர்களுக்கு, வராத நண்பனுக்காக வருகை சொல்வது என்று பொருள். கணினி வலையமைப்பிலும் ஏறத்தாழ அதுவே: ஒரு கணினியின் சார்பில் இன்னொன்று வெளியுலகோடு பேசுகிறது. தமிழில் 'பதிலி' என்கிறோம்.

1994இல் ஜெனீவாவில் நடந்த முதல் உலகளாவிய வலை மாநாட்டில் ஆரி லுவோட்டோனனும் கெவின் ஆல்டிஸும் வலைப் பதிலியை விளக்கினர். நோக்கங்கள் இரண்டு: தீயரணுக்குப் பின்னிருப்போருக்கு வழி அமைத்தல், ஒருமுறை பெற்ற பக்கத்தைச் சேமித்து அடுத்தவருக்கும் வழங்குதல்.

இந்தியக் கல்வி நிறுவனங்களுக்கு இரண்டாவது நோக்கமே பெரிதாய் இருந்தது. எர்நெட் 1986இல் தொடங்கியது. பொதுமக்களுக்கு இணையம் 1995 ஆகஸ்ட் 15இல்தான் வந்தது. மெல்லிய இணைப்பு ஒன்றை ஒரு வளாகமே பகிர்ந்துகொண்ட அக்காலத்தில், ஸ்குவிட் போன்ற பதிலி மென்பொருள் பற்றாக்குறைக்கு ஏற்ற நியாயமான ஏற்பாடு.

இணைப்பு பெருகிய பின்னும் பல இடங்களில் பதிலி நீடித்தது; கடவுச்சொல்லும் சேர்ந்துகொண்டது. சிக்கல் இங்கேதான். உலாவி நம்மிடம் கடவுச்சொல் கேட்கும். பின்னணியில் இயங்கும் புதுப்பித்தல் சேவைக்குக் கேட்க ஆளில்லை. பதிலி '407' என்று மறுக்க, சேவை ஓசையின்றித் தோற்றுவிடுகிறது. இணையப் பக்கங்கள் திறப்பதால் நாமும் ஐயுறுவதில்லை.

இதன் விலையை 2017 காட்டியது. வான்னாக்ரை பயன்படுத்திய ஓட்டைக்கு மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே திருத்தம் வெளியிட்டிருந்தது. தாக்குதல் மே 12இல் வந்தது. ஆந்திரக் காவல்துறையின் கணினிகளும் தப்பவில்லை. குறிப்பிட்ட ஓர் இணைய முகவரி பதிலளித்தால் அந்நிரல் தானே நின்றுவிடும். ஆனால் பதிலி வழியாகப் பேச அதற்குத் தெரியாது. ஆகவே பதிலியே ஒரே வாயிலான வலையமைப்புகளில் அந்தத் தடுப்பு பயன்படவில்லை. காப்புக்கென நின்ற சுவர் மருந்தையும் மறித்தது.

செய்யவேண்டியது எளிது. கடைசியாக வெற்றிபெற்ற புதுப்பித்தலின் தேதியை முதலில் பாருங்கள். தேதி பழையதாக இருந்தால், உலாவியில் அன்றி, விண்டோஸில் வின்ஹெச்டிடிபி அமைப்பிலும் உபுண்டுவில் ஆப்ட் அமைப்பிலும் பதிலியைத் தனியே குறிப்பிடுங்கள். நிர்வாகிகள் புதுப்பித்தல் முகவரிகளுக்கு மட்டும் கடவுச்சொல் விலக்கு அளிக்கலாம். இன்னும் நன்று, கான்பூர் ஐஐடி நடத்தியதுபோல் வளாகத்துக்குள்ளேயே நகல் களஞ்சியம் வைப்பது. ஒருமுறை பெற்றதை அனைவருக்கும் பகிர்வதுதானே பதிலியின் தொடக்க நோக்கம்.