நிலக்கரியும் துலாக்கோலும்

2004-ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் தொலைக்காட்சியின் முன் அமர்ந்தவர்கள் ஒரு குற்றச்சாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்க நேர்ந்தது. சிறுவர்களிடம் பாலியல் குற்றம் புரிந்த ஒருவன் சிறைக்கு வெளியே இருக்கவும், பள்ளிக்கூடம் ஒன்றில் வேலை பார்க்கவும் நீதிபதி வாரன் மெக்ரா வழிசெய்துவிட்டார் என்பதே அது. விளம்பரத்தை வெளியிட்ட அமைப்பு 'குழந்தைகளின் பொருட்டும்' எனப் பொருள்படும் பெயரைச் சூட்டிக்கொண்டிருந்தது. அந்த விளம்பரத்தில் நிலக்கரியைப் பற்றிப் பேச்சே இல்லை. ஆனால் அமைப்புக்கு வந்த பணத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் ஒரே மனிதர் கொடுத்தது. அவர் டான் பிளாங்கன்ஷிப். மாஸ்ஸி என்னும் பெரும் நிலக்கரி நிறுவனத்தின் தலைவர்.

நீதிபதியாவது, தேர்தலில் நிற்பதாவது என்று நமக்கு வியப்பாக இருக்கலாம். அமெரிக்காவின் கூட்டரசு நீதிபதிகளைக் குடியரசுத் தலைவர் முன்மொழிகிறார். செனட் சபை ஒப்புதல் அளிக்கிறது. அவர்கள் ஆயுள் முழுவதும் பதவியில் இருக்கலாம். மாநில நீதிமன்றங்களின் கதை வேறு. தொடக்கத்தில் அங்கும் ஆளுநர்களும் சட்டமன்றங்களுமே நீதிபதிகளை நியமித்துவந்தன. நியமனங்கள் கட்சிக்காரர்களுக்கு வழங்கும் சன்மானமாகச் சீரழிந்தபோது, மக்களே தேர்ந்தெடுத்தால் நீதிபதி அரசியல்வாதியின் கைப்பிடியிலிருந்து விடுபடுவார் என்ற எண்ணம் பரவியது. 1832-இல் மிசிசிப்பி மாநிலம் தன் எல்லா நீதிபதிகளையும் தேர்தல் மூலம் அமர்த்த முடிவுசெய்தது. 1846-இல் நியூயார்க் அவ்வழியில் சென்றது. பிறகு மாநிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்ந்தன. அக்காலத்தில் அந்நாட்டைச் சுற்றிப்பார்த்த பிரெஞ்சுக்காரர் டாக்வில், நீதிபதிகளைத் தேர்ந்தெடுக்கும் இவ்வழக்கம் குடியரசின் அடித்தளத்தையே தாக்கும் என்று 1835-இல் வெளியான தம் நூலில் எச்சரித்தார். அவரை எவரும் பொருட்படுத்தவில்லை. தேர்தலைக் கொண்டுவந்தவர்களைக் குறைசொல்வதும் எளிதன்று. அவர்கள் ஓர் எசமானனிடமிருந்து நீதிபதியை மீட்கவே விரும்பினார்கள். அரசியல்வாதி வெளியேறிய வாசல் வழியே பணக்காரன் நுழைவான் என்று அவர்கள் நினைத்துப்பார்க்கவில்லை.

இனி சுரங்கத்துக்கு வருவோம். ஹ்யூ கேபர்டன் என்பவர் வர்ஜீனியாவில் ஹார்மன் என்ற சிறிய நிலக்கரிச் சுரங்கத்தை நடத்திவந்தார். அவருடைய நிலக்கரியை நீண்ட கால ஒப்பந்தத்தின்படி வாங்கிவந்த நிறுவனம் 1997-இல் மாஸ்ஸியின் கைக்கு வந்தது. கொள்முதல் குறைக்கப்பட்டது. சுரங்கத்தையே விலைக்கு வாங்குவதாக மாஸ்ஸி பேச்சு நடத்தியது. பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே, அச்சுரங்கத்தைச் சுற்றியிருந்த ஒரு குறுகிய பட்டை நிலத்தின் நிலக்கரி உரிமையை அது வாங்கிக்கொண்டது. வேறு எவரும் ஹார்மன் சுரங்கத்தின் மீது ஆசை வைக்காதிருக்கச் செய்த ஏற்பாடு அது. பேரம் கடைசியில் முறிந்தது. கேபர்டனின் நிறுவனங்கள் 1998-இல் திவாலாயின.

கேபர்டன் மேற்கு வர்ஜீனியாவின் பூன் மாவட்டத்தில் வழக்குத் தொடுத்தார். 2002 ஆகஸ்டில் ஜூரி அவர் பக்கம் தீர்ப்பளித்து, மாஸ்ஸி அவருக்கு ஏறத்தாழ 5 கோடி டாலர் இழப்பீடு தரவேண்டும் என்றது. மேல்முறையீடு என்று ஒன்று வந்தால் அது ஐந்து நீதிபதிகள் அமர்ந்த மாநில உச்ச நீதிமன்றத்துக்கே போகும். அந்த ஐவரில் ஒருவரான மெக்ரா 2004-இல் மறுதேர்தலைச் சந்திக்க வேண்டியிருந்தது. எதிர்த்து நின்றவர் பிரென்ட் பெஞ்சமின் என்ற வழக்கறிஞர்.

வேட்பாளரின் தேர்தல் குழுவுக்கு ஒருவர் நேரடியாகக் கொடுக்கச் சட்டம் அனுமதித்த உச்சத்தொகை 1,000 டாலர். பிளாங்கன்ஷிப் அதை ஒழுங்காகக் கொடுத்தார். பிறகு 'குழந்தைகளின் பொருட்டும்' அமைப்புக்கு ஏறக்குறைய 25 லட்சம் டாலர். கடிதங்களுக்கும் விளம்பரங்களுக்கும் தாமே நேரடியாகச் செலவிட்டது 5 லட்சத்துக்குச் சற்று மேல். மொத்தம் 30 லட்சம். பெஞ்சமினை ஆதரித்த மற்ற அனைவரின் செலவையும் சேர்த்தாலும் இத்தொகைக்கு ஈடாகவில்லை. இதில் சட்டமீறல் எதுவும் இல்லை என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். பெட்டியில் கட்டுக்கட்டாகப் பணம் கைமாறவில்லை. எல்லாமே கணக்கில் காட்டப்பட்ட செலவு. 53 விழுக்காட்டுக்குச் சற்று மேல் வாக்குப் பெற்றுப் பெஞ்சமின் வென்றார். பதவிக்காலம் 12 ஆண்டுகள்.

மாஸ்ஸியின் மேல்முறையீடு வருமுன்னரே, பெஞ்சமின் இவ்வழக்கிலிருந்து விலகிக்கொள்ள வேண்டும் என்று கேபர்டன் மனுச் செய்தார். தம் மனத்தில் சார்பு எதுவும் இல்லை என்று சொல்லிப் பெஞ்சமின் மறுத்துவிட்டார். 2007 நவம்பரில் 3-க்கு 2 என்ற கணக்கில் ஜூரியின் தீர்ப்பு தள்ளுபடியானது. மூவரில் ஒருவர் பெஞ்சமின்.

அதன்பின் நிகழ்ந்தவை ஒரு நாவலாசிரியன் எழுதியிருந்தால் மிகையென்று நாம் ஒதுக்கியிருப்போம். அதே மூவரில் மற்றொருவரான மேனார்டு, பிளாங்கன்ஷிப்புடன் பிரான்சின் மத்தியதரைக் கடற்கரைப் பகுதியில் விடுமுறையைக் கழித்த புகைப்படங்கள் வெளிவந்தன. மேனார்டு விலகினார், வழக்கை மீண்டும் விசாரிக்க நீதிமன்றம் இசைந்தது. பிளாங்கன்ஷிப்பைப் பொதுவெளியில் கடுமையாகச் சாடியிருந்த ஸ்டார்ச்சர் என்ற நீதிபதியும் விலகினார். விலகும்போது பெஞ்சமினும் அவ்வாறே செய்யவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். பெஞ்சமின் விலகவில்லை. மாறாக, பொறுப்புத் தலைமை நீதிபதியாக அமர்ந்து, விலகியோரின் இடங்களுக்கு மாற்று நீதிபதிகளையும் அவரே தேர்ந்தார். 2008 ஏப்ரலில் மீண்டும் 3-க்கு 2. மீண்டும் மாஸ்ஸிக்கே வெற்றி.

வழக்கு வாஷிங்டனுக்குப் போயிற்று. 2009 ஜூன் 8 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில், பெஞ்சமின் விலகியிருக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. பெரும்பான்மைக்காக எழுதிய நீதிபதி கென்னடி, பெஞ்சமின் உண்மையில் சார்புடையவரா என்ற ஆராய்ச்சிக்குள் இறங்கவில்லை. ஒருவர் மனத்துக்குள் நுழைந்து பார்க்க எந்த நீதிமன்றத்தாலும் இயலாது. வழக்கு மேல்முறையீட்டுக்குக் காத்திருக்கும் வேளையில், அதனால் பெரும் ஆதாயமோ நட்டமோ அடையப்போகிறவர் தீர்ப்புச் சொல்லப்போகும் நீதிபதியைப் பதவியில் அமர்த்துவதில் இவ்வளவு பெரிய பங்கு வகித்தால், சார்புக்கான வாய்ப்பு பொறுக்கத்தக்க அளவைக் கடந்துவிடுகிறது என்றார் அவர்.

மாறுபட்டு எழுதிய தலைமை நீதிபதி ராபர்ட்ஸ் 40 கேள்விகளை வரிசையாக அடுக்கினார். எவ்வளவு பணம் அதிகம்? நன்கொடையாளர் வழக்கின் தரப்பினர் அல்லாமல் வழக்கறிஞராகவோ தொழிற்சங்கமாகவோ இருந்தால்? நன்கொடை பெற்ற நீதிபதி கொடுத்தவருக்கு எதிராகவே தீர்ப்பளித்த முன்வரலாறு இருந்தால்? இவற்றை வெறும் விதண்டாவாதம் என்று பலர் தள்ளினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தேர்தலை வைத்துக்கொண்டே தேர்தலின் கடன்களை மட்டும் நீக்கிவிட முடியுமா என்பதே அந்த 40 கேள்விகளின் சாரம். அதற்குக் கென்னடியின் தீர்ப்பில் விடை இல்லை. 'இது மிக அரிதான வழக்கு' என்ற சமாதானமே இருந்தது.

தீர்ப்புக்குப் பின் வழக்கு மேற்கு வர்ஜீனியாவுக்குத் திரும்பியது. இம்முறை பெஞ்சமின் அமரவில்லை. 2009 நவம்பரில், அவர் இல்லாத அந்த நீதிமன்றம் 4-க்கு 1 என்ற கணக்கில் மறுபடியும் கேபர்டனுக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. ஒப்பந்தத்தின்படி இவ்வழக்கை வர்ஜீனியாவில்தான் தொடுத்திருக்க வேண்டும் என்பது காரணம்.

இவ்விடத்தில்தான் நான் நெடுநேரம் நின்றுவிட்டேன். அப்படியானால் பெஞ்சமினின் வாக்கு எதையும் மாற்றவில்லையா? சட்டப்படி அந்த முடிவு முதலிலிருந்தே சரியானதுதானா? இருக்கலாம். ஆனால் 30 லட்சம் டாலர் செலவிடப்பட்ட பிறகு, சரியான தீர்ப்பைக்கூடச் சரியானதென்று நம்புவதற்குக் கேபர்டனுக்கு எந்த வழியும் இல்லாமல் போயிற்று. தோற்றவன் ஆயுதம் எடுக்காமல் வீட்டுக்குத் திரும்புகிறான் என்பதுதான் நீதிமன்றம் என்ற ஏற்பாட்டின் பெரிய அதிசயம். தன் பேச்சும் அதே தட்டில் நிறுக்கப்பட்டது என்ற நம்பிக்கையில்தான் அவன் திரும்புகிறான். வகுப்பில் நடுவுநிலைமை அதிகாரத்தை நடத்தும்போது துலாக்கோலின் உவமையை நான் முள்ளின் நேர்மையாகவே விளக்கிவந்திருக்கிறேன். கோலைச் செய்யக் கூலி கொடுத்தவர் யார் என்ற கேள்வி எனக்கு எழுந்ததில்லை.

கூட்டரசு நியமனங்களில் வாக்காளர்கள் இல்லை. ஆகவே பணம் வேறு வழியாகச் செல்கிறது. 2016-இல் ஒபாமா முன்மொழிந்த மெரிக் கார்லண்டை விசாரிக்கவே செனட்டின் குடியரசுக் கட்சிப் பெரும்பான்மை மறுத்தபோது, அம்மறுப்பை ஆதரித்து ஒரு பழைமைவாத அமைப்பு 70 லட்சம் டாலர் செலவிட்டதாகத் தானே கூறிக்கொண்டது. பணம் தந்தவர்களின் பெயரை வெளியிடச் சட்டம் அதைக் கட்டாயப்படுத்தவில்லை. 2018 முதல் எதிர்த்தரப்பிலும் அதே பாணியில் அமைப்பு எழுந்தது. டிரம்ப்பின் நீதிபதிப் பட்டியலை வகுக்க ஆலோசனை சொன்ன லெனார்ட் லியோவின் தலைமையிலுள்ள அறக்கட்டளைக்கு, பார்ரே சீட் என்ற தொழிலதிபர் 2021-இல் அளித்த கொடை 160 கோடி டாலர். இது வெளியுலகுக்குத் தெரிந்தது 2022-இல். பிளாங்கன்ஷிப்பின் 30 லட்சம் இத்தொகைக்கு முன்னால் சில்லறைக் காசு. ஆயினும் அவருடைய பெயராவது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பணம் எப்போதும் வெல்கிறது என்றும் சொல்வதற்கில்லை. 2025 ஏப்ரலில் விஸ்கான்சின் மாநில உச்ச நீதிமன்றத் தேர்தலில் ஈலான் மஸ்க் தரப்பு ஏறத்தாழ 2 கோடி டாலர் இறைத்தும் அவர் ஆதரித்தவர் தோற்றார். ஆனால் இரு தரப்பும் போட்டிபோட்டுச் செலவிட்டதில் அந்த ஒரே ஓர் இருக்கைக்கான மொத்தச் செலவு 10 கோடி டாலரை எட்டியது.

2010 ஏப்ரல் 5 அன்று மாஸ்ஸிக்குச் சொந்தமான அப்பர் பிக் பிராஞ்ச் சுரங்கம் வெடித்து 29 தொழிலாளர்கள் மாண்டார்கள். சுரங்கப் பாதுகாப்பு விதிகளை மீறச் சதிசெய்ததாகப் பிளாங்கன்ஷிப் 2015-இல் குற்றவாளி எனத் தீர்ப்பாகி, 2016-இல் ஓராண்டுச் சிறைத்தண்டனை பெற்றார். தீர்ப்பு வழங்கியது தேர்தலில் நிற்கத் தேவையற்ற கூட்டரசு நீதிமன்றம்.

அதே 2016-இல் பெஞ்சமினின் 12 ஆண்டுகள் முடிந்தன. இதற்குள் மேற்கு வர்ஜீனியா நீதிபதித் தேர்தலிலிருந்து கட்சிச் சின்னங்களை விலக்கியிருந்தது. தனியார் பணத்தைச் சாராமல் போட்டியிட விரும்புவோருக்கு அரசே நிதி தரும் திட்டத்தையும் கொண்டுவந்திருந்தது. பெஞ்சமின் அந்த அரசு நிதியைப் பெற்றுக்கொண்டு மீண்டும் போட்டியிட்டார். நான்காம் இடத்தில் வந்தார்.