குரல் வேறு, மொழி வேறு

'குரலற்றவர்களின் குரல்' என்று துண்டறிக்கைகளில் தாராளமாக எழுதிவிடுகிறோம். குரல் இல்லையென்றால் மொழி இல்லை, மொழி இல்லையென்றால் சிந்தனை இல்லை, ஆகவே அவர்களுக்காக நாம்தான் பேசியாக வேண்டும் என்கிற அனுமானம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. தமிழ் எம்.ஏ. படித்த எனக்கு இது பழகிய விஷயம். தொல்காப்பியப் பிறப்பியலே உந்தியிலிருந்து எழும் காற்றில்தான் எழுத்தைத் தொடங்குகிறது. ஆனால் மூளையில் மொழி எங்கே இருக்கிறது என்று தேடிய வரலாற்றுக்குள் போனால் இந்த அனுமானம் ஆட்டம் கண்டுவிடுகிறது.

1861 ஏப்ரல். பாரிசை ஒட்டிய பிசெத்ர் மருத்துவமனையில், வலது கால் அழுகிய நிலையில் லெபோர்ன் என்ற தொழிலாளியை அறுவை மருத்துவர் பால் புரோக்காவிடம் கொண்டுவருகிறார்கள். எது கேட்டாலும் 'தன்' என்ற ஓரசைதான் பதில். அதுவே அங்கே அவர் பெயராகவும் ஆகிவிட்டது. எத்தனை வருஷமாக இங்கே இருக்கிறாய் என்று கேட்டபோது, கையை நான்கு முறை விரித்துக் காட்டி, கூடவே ஒரு விரலையும் நீட்டினார். 21 வருஷம். கணக்கு சரி. ஏப்ரல் 17இல் இறந்துபோனார். மறுநாளே அவர் மூளை பாரிஸ் மானுடவியல் சங்கத்தின் முன்னால் வைக்கப்பட்டது. இடது முன்மடலில் சிதைவு. அந்த இடம் பிறகு 'புரோக்கா பகுதி' ஆயிற்று. மருத்துவருக்குப் பெயர், நோயாளிக்கு ஓரசை.

1874இல் கார்ல் வெர்னிக்கே இதன் மறுபக்கத்தைக் காட்டினார். இவருடைய நோயாளிகள் சரளமாகப் பேசினார்கள். பேச்சில் அர்த்தம் தங்கவில்லை. பிறர் சொல்வதும் விளங்கவில்லை. ஆனால் காதில் கோளாறு கிடையாது. கேட்பது வேறு, புரிந்துகொள்வது வேறு என்பது இதில் தெளிவாயிற்று. ஆனாலும் மொழி வாய்க்கும் காதுக்கும் இடையில் ஓடும் பாதையாகவே வரையப்பட்டது. கை அந்தப் படத்தில் இல்லை.

1880 செப்டம்பரில் மிலானில் காது கேளாதோர் கல்வி பற்றிய சர்வதேச மாநாடு கூடியது. சைகை கூடாது, வாய்ப்பேச்சு முறையே உயர்ந்தது என்று பெரும்பான்மை வாக்கில் தீர்மானம். வாக்களித்த 160க்கு மேற்பட்டவர்களில் காது கேளாதவர் ஒரே ஒருவர். காது கேளாத ஆசிரியர்கள் பள்ளிகளிலிருந்து ஓரங்கட்டப்பட்டார்கள். பிள்ளைகளின் கைகளைக் கட்டிவைத்த பள்ளிகளும் உண்டு. நரம்பியல்தான் மிலானை உண்டாக்கியது என்று நான் சொல்லவரவில்லை. குரலே மொழி என்ற ஒரே நம்பிக்கை இரண்டிலும் வேலை செய்தது, அவ்வளவுதான்.

1960இல் வில்லியம் ஸ்டோக்கி, அமெரிக்கச் சைகை மொழிக்குள் சொல்லமைப்பு இருப்பதைக் காட்டினார். 1967இல் தெரிதா ஒலிமையவாதத்தைச் சாடினார். தமிழில் அது பேச்சா எழுத்தா என்கிற தகராறாகவே வந்து சேர்ந்தது. கை அங்கேயும் வரவில்லை. 1987இல் பாய்ஸ்னர், கிளிமா, பெல்லுகி மூவரும் வெளியிட்ட ஆய்வு விஷயத்தைப் போட்டு உடைத்தது. காது கேளாத, சைகை மொழியில் வாழ்ந்தவர்களுக்கு மூளையின் இடப்பாதி சிதைந்தபோது சைகை மொழியும் சிதைந்தது. ஒருவருக்குத் தட்டுத்தடுமாறி ஒவ்வொரு சைகையாக வந்தது. இன்னொருவருக்குச் சரளம் இருந்தது, இலக்கணம் குலைந்திருந்தது. வலப்பாதி சிதைந்தவர்களுக்குப் படம் வரைவது குழம்பிப்போனது. சைகை மொழியின் இலக்கணம் நிலைத்தது. ஆக, லெபோர்ன் விரல் நீட்டிக் காட்டியது சாடை. இவர்களுடையது முழு மொழி. மூளை இந்த இரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது. குரல் இருக்கிறதா என்று அது கேட்பதில்லை.

மிலான் தீர்மானங்களை 2010இல் வான்கூவரில் கூடிய மாநாடு நிராகரித்தது. 130 வருஷம் ஆயிற்று. சைகை மறுக்கப்பட்டு, வாய்ப்பேச்சும் பிடிபடாமல் வளர்ந்த பிள்ளைகள் இழந்தது குரலை அல்ல, மொழி வாய்க்கவேண்டிய வயதை. அதைத் திருப்பித் தர எந்தத் தீர்மானத்தாலும் முடியாது.

அவர்களுக்கு நாம் குரல் கொடுப்பது இருக்கட்டும். நம் கூட்ட மேடைகளில் சைகை மொழிபெயர்ப்பாளர் ஒருவர் நிற்கிறாரா?