143-ஆம் வாசல்

மின்னஞ்சல் சர்வருக்குப் பல வாசல்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், போர்ட் என்பார்கள். வந்து சேர்ந்த அஞ்சலை எடுக்க எந்த வாசலுக்குப் போவது என்ற கேள்விக்கு நாற்பது ஆண்டு வரலாறு உண்டு.

முதலில் வந்தது பாப் என்ற நெறிமுறை. 1984 அக்டோபரில் ஜாய்ஸ் ரெனால்ட்ஸ் அதை எழுதி வெளியிட்டார். சர்வரில் கிடப்பதை நம் கணினியில் இறக்கிக்கொண்டு, அங்கே அழித்துவிடுவதுதான் அதன் வழக்கம். மறு ஆண்டே இரண்டாம் பதிப்பு வந்தது. 1988-இல் மார்ஷல் ரோஸ் கொண்டுவந்த மூன்றாம் பதிப்பு முந்தையதோடு ஒத்துப்போகவில்லை. எனவே 109-ஐ விட்டு 110-க்குக் குடிபெயர்ந்தது. பழைய மென்பொருளும் புதியதும் ஒரே அலுவலகத்தில் இருந்தால், சர்வரைப் பார்த்துக்கொள்பவர் இரண்டு வாசலையும் திறந்து வைத்தாக வேண்டியிருந்தது.

ஐமேப் வேறு வழியில் போனது. 1986-இல் ஸ்டான்ஃபோர்டில் மார்க் கிறிஸ்பின் அதை உருவாக்கினார். அஞ்சல் சர்வரிலேயே இருக்கும்; எந்தக் கணினியிலிருந்தும் படிக்கலாம். அப்போது அதன் பெயரிலேயே ‘இடைக்கால’ என்ற சொல் இருந்தது. 1988-இல் இரண்டாம் பதிப்பு 143-ஆம் போர்ட்டில் அமர்ந்தது.

1991-இல் ஸ்டான்ஃபோர்டிலிருந்தே ஒரு போட்டி வந்தது. ஐமேப்3 என்று பெயர் வைத்து, 220-ஆம் எண்ணையும் வாங்கிக்கொண்டார்கள். யாரும் சீண்டவில்லை. ஆனால் 3 என்ற எண் போனது போனதுதான். 1994 டிசம்பரில் கிறிஸ்பின் தந்த அடுத்த பதிப்புக்கு ஐமேப்4 என்றே பெயர் வைக்க நேர்ந்தது.

அது 143-ஐ விட்டு நகரவில்லை. பழைய சர்வர் எது, புதிய சர்வர் எது என்று எப்படித் தெரியும்? ‘கேப்பபிலிட்டி’ என்றொரு கட்டளை அதற்காகவே சேர்க்கப்பட்டது. உனக்கு என்னென்ன தெரியும் என்று மென்பொருள் கேட்கும். புதிய சர்வர் பட்டியல் தரும். பழைய சர்வருக்குக் கேள்வியே விளங்காது, ‘பேட்’ என்று பதில் சொல்லும். அந்த ‘பேட்’டே போதும், மென்பொருள் பழைய மொழியில் பேசத் தொடங்கிவிடும். பழைய பதிப்போடு எப்படி ஒத்துப்போவது என்று விளக்கத் தனி ஆவணமே அந்த ஆண்டு வெளியானது.

பின்னாளில் வாசலும் மாறியது, பூட்டும் மாறியது. 2018-இல் வந்த பரிந்துரை, தொடக்கத்திலிருந்தே மறையாக்கம் செய்யும் 993-ஐ முன்னிறுத்தியது. 2022 அக்டோபர் முதல் மைக்ரோசாஃப்ட் தன் எக்ஸ்சேஞ்ச் ஆன்லைன் சேவையில் வெறும் பாஸ்வேர்டோடு நுழையும் வழியை அடைக்கத் தொடங்கியது. நெறிமுறை அதேதான், ஆனால் புதிய அடையாள முறை தெரியாத பழைய மென்பொருள்கள் வெளியே நின்றன.

தமிழருக்கு இதில் ஒரு சின்னப் பங்கு உண்டு. ஒரு ஃபோல்டருக்கு ‘தமிழ்’ என்று பெயர் வைத்துப் பாருங்கள். 1996-இல் வந்த ஐமேப்4-இன் முதல் திருத்தத்தின் விதிப்படி அது ‘&’ குறியில் தொடங்கிச் சிறுகோட்டில் முடியும் 16 குறிகளாகத்தான் பயணிக்கும். 2021 ஆகஸ்டில் வெளியான ஐமேப்4-இன் இரண்டாம் திருத்தம் அதை நேரடியாக யூனிகோடில் அனுப்ப இடம் தருகிறது. ஆனால் இரண்டு திருத்தமும் தெரிந்த சர்வர், மென்பொருள் ‘எனேபிள்’ என்று கேட்கும்வரை அந்தப் பழைய 16 குறிகளையே அனுப்பவேண்டும் என்பதும் அதே விதியில் இருக்கிறது.